வெள்ளையாக வந்த கீழ்ப்பாதி

மலேசியாவின் இந்தச் சிரம்பானில் பல் பிடுங்கப் போனாலும் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். கவுண்டரில் இருக்கும் பெண் நிமிராமலே கையை நீட்டுவாள். அடையாள அட்டையை வைக்க வேண்டும். நீலமா சிவப்பா என்று பார்த்த பிறகுதான் அவள் முகம் என் பக்கம் திரும்பும். நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரமாகத் தங்க விடப்பட்டவன், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாகியும் எனக்கு இது பழகவில்லை. சென்னையில் என்னை யாரென்று அறிய விரும்பியவர்கள் தெருவைக் கேட்டார்கள், வேலையைக் கேட்டார்கள், சுற்றி வளைத்துச் சாதியையும் கேட்டார்கள். இங்கே ஒரு சிறிய அட்டையின் நிறம் போதும். இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு பெண்ணின் அட்டை சிவப்பாகவே இருக்கக் காரணமானவன் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுபதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். நெகிரி செம்பிலானில் சில ரப்பர் தோட்டங்களை வைத்திருந்த ஒரு கம்பெனி, தன் அலுவலகத்துக்குக் கணினி தெரிந்த ஆளைத் தேடியது. எனக்குக் கணிதப் பட்டமும் நிரல் எழுதிய அனுபவமும் இருந்தன. கம்பெனி கொடுத்த கடிதத்தால் சில ஆண்டுகளில் சிவப்பு அட்டையும் கிடைத்தது. தோட்டத்துத் தமிழர்களோடு நான் ஒட்டவில்லை. ஒட்ட விரும்பவும் இல்லை. அவர்கள் வீட்டில் தேநீர் கொடுத்தால் வயிறு சரியில்லை என்பேன். அவர்களும் என்னை விட்டுவைக்கவில்லை. நான் பேசும் தமிழுக்காக, "ரேடியோ பொட்டி வருதுடா, வால்யூம கொறைங்க" என்று காதில் விழும்படியே சொல்வார்கள். இந்தியாவிலிருந்து வந்தவனைக் குறிக்கும் ஊர்க்காரன் என்ற சொல்லை ஒரு வசவாக நான் கேட்டது இங்கேதான்.

தொண்ணூறுகளின் நடுவில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்குப் போகத் தொடங்கின. தோட்ட ஆபீசுகளில் கறையான் அரித்த பதிவேடுகள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, சிடிகளில் பதித்துவிட்டு, தாள்களை எரித்துவிடுவது என்று முடிவானது. சிடியைப் படிக்கும் நிரலை எழுதும் வேலை என்னுடையது. எங்கள் தொழிலில் லைப்ரரி என்று ஒன்று உண்டு. மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் சிறு சிறு கட்டளைகளின் தொகுப்பு. சிடியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை, குறிப்பிட்ட துண்டைப் படிக்க ஒன்று, சிடியை வைக்கும் டிரேயை வெளியே தள்ள ஒன்று, படிக்கும்போது யாரும் திறக்காதபடி பூட்ட ஒன்று. ஒவ்வொரு டிரைவும் ஒவ்வொரு பிடிவாதத்தோடு வரும். ஒன்றுக்குப் புரியும் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் பணியவைக்க ஏழு மாதம் பிடித்தது. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அதுதான். ஒரே ஒரு இடத்தைத் தவிர.

சிடியில் ஒரு துண்டு படிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் அந்த இடம். முதலில் நான் எழுதியபடி நிரல் நின்றுவிடும்; இன்ன துண்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் சொல்லும். அது சென்னையில் கற்ற பாடம். துளை அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் இயந்திரத்தில் கொடுத்த காலம் அது. ஒரு அட்டையின் மூலை மடங்கியிருந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பின்னால் காத்திருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். மடிப்பை நகத்தால் நீவி, மறுபடி கொடுத்தால்தான் ஓடும். படிக்காத ஒன்றைப் படித்துவிட்டதாக அந்த இயந்திரம் ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கே என் மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "டைரக்டருங்க முன்னாடி மூணு தடவ நின்னுச்சு மிஸ்டர். என் மானமே போச்சுலா" என்றார்.

"நிற்பது நல்லது சார். சிடியில் பழுது இருக்கிறது என்று அர்த்தம்."

"யாருக்கு நல்லது? ஒங்க மெட்ராஸ்ல நிக்கட்டும். இங்க ஓடணும்."

அன்று மதியமே இரண்டு வரிகளை மாற்றினேன். படிக்க முடியாத துண்டு வந்தால் அந்த இடத்தைச் சுழியங்களால், அதாவது திரையில் வெறும் வெள்ளையாகத் தெரியும்படி, நிரப்பு. படித்தாயிற்று என்று பதில் சொல். அதன்பின் நிரல் எங்குமே நிற்கவில்லை. பழுதுகளைப் பட்டியலிடும் வசதி ஒன்றையும் எழுதியிருந்தேன். அதை நானே அணைத்து வைத்தேன். எல்லாச் சிடிகளும் சரிபார்க்கப்பட்டன, பிழை ஏதுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பித் தோட்ட ஆபீசுக்குப் பின்னால் இரண்டு நாள் பதிவேடுகளை எரித்தார்கள்.

அடுத்த சில மாதங்களில் பாக்கியம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பால் மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்; ஐம்பது வயதிருக்கும். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோட்ட மருந்தகத்தில் பிறந்தவர். அரசாங்கப் பிறப்புப் பத்திரம் கிடையாது. மருந்தகத்தில் மருந்து கொடுத்த டிரெஸ்ஸர் எழுதி வைத்த பிறப்புப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. நீல அட்டைக்கு மனுப் போட்டிருந்தார். இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டம் விற்கப்படப் போகிறது. குறைந்த விலை வீட்டுக்கான படிவத்திலோ நீல அட்டை எண்ணைக் கேட்டிருந்தார்கள்.

"டிரெஸ்ஸரு பொஸ்தகத்துல எம் பொறப்பு இருக்குங்க. எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போயி காட்டியிருக்காரு. பக்கத்தோட கீழ, தண்ணி பட்டு மை கலைஞ்ச எடத்துல."

"புத்தகம் இப்போது இல்லை. எல்லாம் இதில் இருக்கிறது."

"யாரக் கேட்டு எரிச்சீங்க?"

நான் சிடியைப் போட்டேன். அவர் சொன்ன ஆண்டின் பக்கத்தைக் கேட்டேன். டிரைவ் சுழன்றது, தயங்கியது, கர் கர்ரென்று பின்வாங்கி மறுபடி சுழன்றது. அந்தச் சத்தத்தின் பொருள் எனக்குத் தெரியும். ஏழு மாதம் அதோடு வாழ்ந்தவன் நான்.

"என்ன அது, தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி இருமுது?" என்றார் பாக்கியம்.

"அது அப்படித்தான்."

திரையில் பக்கம் வந்தது. மேல்பாதியில் டிரெஸ்ஸரின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. கீழ்ப்பாதி வெள்ளை. அவர் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டது போலவே இருந்தது. அடுத்த பக்கம் அடுத்த ஆண்டில் தொடங்கியது.

"பார்த்தீர்களா? எழுதப்படவில்லை."

"அத வெளிய எடுங்க. நான் பாக்குறேன்." சொல்லிக்கொண்டே டிரைவின் பொத்தானை அழுத்தினார். என் லைப்ரரி டிரேயைப் பூட்டியிருந்தது, திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். "பூட்டியா வச்சிருக்க?"

"கணினி பொய் சொல்லாதும்மா."

"அது சொல்லாது. ஆளுதான் சொல்லும். நேத்து கப்பலேறி வந்த ஒனக்கும் செவப்பு, இங்கயே பொறந்து மரம் வெட்டுற எனக்கும் செவப்பு. நான் நீலமாயிட்டா ஒனக்கு எங்கய்யா வலிக்குது?"

பக்கத்து மேசையிலிருந்த கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. 'தியாடா ரெக்கோட்', பதிவு ஏதுமில்லை, என்று மலாயில் அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்று மாலை, எல்லாரும் போன பிறகு, பழைய மெதுவான டிரைவ் ஒன்றை எடுத்து மாட்டினேன். அணைத்து வைத்த பழுதுப் பட்டியலை இயக்கி, அதே பக்கத்தை மறுபடி கேட்டேன். படிக்க முடியாத துண்டின் எண் அதில் விழுந்தது. விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நாற்பது தடவை இருக்கலாம். கடைசியில் கீழ்ப்பாதி வந்தது. தண்ணீர்க் கறை, கலைந்த மை, அதற்குள் பாக்கியத்தின் தந்தை பெயர், எதிரே 'பெண்' என்ற சொல்.

அதை அச்செடுக்கவில்லை. டிரேயைத் திறந்து, சிடியை உறையில் போட்டு, வீட்டுக்குப் போனேன்.

சொன்னால் என் சான்று பொய்யாகும், எரித்த பதிவேடுகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும் என்றெல்லாம் பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை உண்மைதான், ஆனால் காரணம் அவை அல்ல. கிராணி சிரித்தாரே, அதுதான் காரணம். ஒரு சிரிப்புக்காக ஒரு பெண்ணின் பிறப்பை மூன்று ஆண்டுகள் உறையில் போட்டு வைத்திருந்தேன். என் கடிதத்தைக் காட்டியதும் பாக்கியத்தின் மனு தள்ளுபடியானது. தோட்டத்தை மண்வாரி இயந்திரங்கள் மட்டமாக்கின.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். வெள்ளையாகிப் போன மற்றப் பக்கங்களின் பட்டியலைக் கம்பெனியில் கொடுத்தேன். பிறகு சிரம்பானை அடுத்த செனாவாங்குக்குப் போனேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகளோடு பாக்கியம் அங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். இரும்புக் கதவைத் திறக்காமலே நின்றார்.

"என்ன ஊர்க்காரரே, வழி தவறிட்டீங்களா?"

கம்பி வழியாகத் தாளை நீட்டினேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. கறையைப் பார்த்தே பக்கத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஈரம் கலைத்த அந்த இடத்தை விரலால் தடவினார்.

"அன்னிக்கு இல்லன்ன பொட்டி, இன்னிக்கு இருக்குங்குதா?"

"பெட்டி சொல்லவில்லை. நான்தான் இல்லையென்று சொன்னேன்."

"எப்பத் தெரியும்?"

"நீங்கள் வந்துபோன அன்றைக்கே."

அடுத்த வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அவர் தாளை மடித்தார்.

"தண்ணி கிண்ணி கேட்றாதீங்க. கொடுக்க மாட்டேன்." தாளைத் திரும்ப என் கையிலேயே திணித்தார். "இத நான் கொண்டுபோனா எவன் நம்புவான்? நீங்க செஞ்சத எழுதுங்க. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. எங்கூட வந்து, கவுண்டருல நின்னு, ஒங்க வாயால சொல்லுங்க."

சத்தியக் கடிதம் எழுதி முடித்து, போன மாதம் இருவரும் அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனோம். பெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அமர்ந்தார். எண் கூப்பிட்டதும் எழுந்து நின்றோம். மலாய்க்கார இளம் அதிகாரி என் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இரண்டிலும் உங்கள் கையெழுத்து. எது பொய்?" என்று மலாயில் கேட்டார்.

"முதலாவது."

"யார் சொல்லி எழுதினீர்கள்?"

"யாரும் சொல்லவில்லை."

அவருக்குப் புரியவில்லை. யாரும் சொல்லாமல் ஒருவன் ஏன் இப்படி எழுத வேண்டும், இப்போது ஏன் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்? கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, "இவர் உங்கள் மனைவியா?" என்றார்.

"சீ! புக்கான்லா!" என்றார் பாக்கியம். இல்லவே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை எனக்குக் காது சுடவில்லை.

அதிகாரி, மனுதாரருக்கும் சாட்சிக்கும் கட்டங்கள் கொண்ட புதிய படிவம் ஒன்றை எடுத்தார். "ஆசால் மானா?" எந்த ஊர் என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார்.

"இந்தியா" என்றேன்.

"சினி" என்றார் பாக்கியம். இங்கே. சொல்லிவிட்டுக் கவுண்டர் பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

என் பிறந்த இடத்தை அதிகாரி கேள்வியில்லாமல் எழுதினார்: மெட்ராஸ். இருபது ஆண்டுகளாக நான் கால் வைக்காத ஊர். அங்கே என்னைத் தேடுபவர் யாருமில்லை. பாக்கியத்தின் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. விசாரித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று அதை வெள்ளையாகவே விட்டார். பிறகு எங்கள் இரண்டு சிவப்பு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே கிளிப்பில் மாட்டி, உள்ளே எடுத்துப் போனார்.