வாய்தா கேட்க எழுந்தவர்

என்னிடம் ஜூனியராக இருந்த ஒருவர் முன்சீப் கோர்ட்டு நீதிபதி ஆகாமல் போனார். அவர் சாதிதான் காரணம் என்று திருவள்ளூர் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். யார் கேட்டாலும் நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை அல்ல.

அவர் கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஒரு சேரியைச் சேர்ந்தவர். அவர் தகப்பனார் நெற்களத்தில் கூலி வேலை செய்தவர். அந்தப் பக்கத்தில் சட்டம் படித்த முதல் ஆள் அவர்தான். அறுபதுகளின் நடுவில் என்னிடம் வந்தார். எங்கள் வீடோ பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அந்த வீட்டு முன்னறையில் அவருக்கு நாற்காலி போட்டதற்காகவே எனக்கு முற்போக்குக்காரன் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்குத் திருவள்ளூரில் வாடகைக்கு யாரும் இடம் தரவில்லை. தினமும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்து வருவார். எங்கள் கொல்லைப்புறத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அவர் எழுதும் பிராது அவ்வளவு சுத்தமாக இருக்கும். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவேன். ஆனால் கோர்ட்டில் அவரைப் பேச விட்டதில்லை. நான் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும் நாட்களில் மட்டும் அவர் எழுந்து, "சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், வாய்தா வேணும்" என்பார். நான் நிற்கும்போது பின் வரிசையில் உட்கார்ந்து துண்டுக் காகிதம் நீட்டுவார். சீனியர் நின்றால் ஜூனியர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வக்கீல்கள் வழக்கம். மற்றவர்கள் தங்கள் ஜூனியர்களுக்கு இரண்டாம் வருஷமே ஒரு சாட்சியையாவது விசாரிக்கக் கொடுத்துவிடுவார்கள். நான் கொடுக்கவில்லை. கட்சிக்காரர்கள் அவரை ஏதாவது சொல்லிவிட்டால் மனம் நோகும், அதிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், முன்சீப் வேலைக்கு எனக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. சலுகை எல்லாம் சேத்துத்தான் சொல்றேன். இதுதான் கடைசி."

"மனு போடேன்ப்பா. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"போட்டுட்டேன் சார். ஜட்ஜ் கிட்ட என்னப் பத்தி கருத்து கேப்பாங்க. அவர் நான் கேஸ் நடத்திப் பாத்ததே இல்ல. ஒரே ஒரு சாட்சி குடுங்க சார். இத்தினி வருஷத்துல வேற எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்காக அரசாங்கம் நிலம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆரம்பாக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விவசாயி, கொடுத்த இழப்பீடு போதாது என்று என் மூலமாக வழக்குப் போட்டிருந்தார். நிலத்துக்கு விலை வைத்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. "அந்தச் சாட்சி உனக்கு" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க ரயிலில் போகும்போதும் வரும்போதும் கேள்விகளை எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியதையெல்லாம் எனக்குக் காட்டினார். முப்பது வருஷம் தொழில் பார்த்தவன் கேட்கக்கூடிய கேள்விகள் அவை.

விசாரணை அன்று காலையில் விவசாயி என்னைக் கோர்ட்டு வராந்தாவில் மடக்கினார்.

"இன்னா சார், அந்த ஆள் நிக்கப் போறான்னு சொல்றாங்க?"

"நல்லா தயார் பண்ணியிருக்கான். கவலைப்படாதேள்."

"நைனா, நான் உன்ன நம்பித்தான் வந்துகினு இருக்கேன். எங்க களத்துல நெல்லு தூத்துனவன் புள்ள எனக்காகப் பேசுனா, ஊர்ல சிரிக்க மாட்டானுங்க? நீ நில்லு. இல்லாட்டி கேஸ் கட்டக் குடு, வேற வக்கீலப் பாத்துக்கறேன்."

ஜூனியர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "முதல் பாதி நான் பார்த்துக்கறேன், மீதி நீ" என்றேன். அவர் தலையாட்டினார்.

கேஸைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவர் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதிகாரி தடுமாறினார். பக்கத்து நிலத்தின் கிரயத்தை மறைத்தது வெளியே வந்தது. கோர்ட்டு நிசப்தமாகிவிட்டது. அந்த நிசப்தம் எனக்குப் பிடித்துப்போனது. விவசாயிக்குப் பயந்துதான் நான் நின்றேன் என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். பாதி முடிந்ததும் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் விவசாயி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. பின்னாலிருந்து துண்டுக் காகிதம் வந்துகொண்டே இருந்தது, கடைசிக் கேள்வி வரைக்கும். "அருமையான குறுக்கு விசாரணை" என்றார் நீதிபதி. நான் தலை வணங்கி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் ஜூனியர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல எழுதினார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலையில் நீதிபதியின் அறைக்குப் போய் அவருக்காகப் பேசினேன்.

"உங்க ஜூனியர் ஒழுங்கானவர்னு தெரியும்" என்றார் நீதிபதி. "ஆனா அவர் குரலை நான் வாய்தா கேக்கறப்போ மட்டும்தான் கேட்டிருக்கேன். திறமையைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?"

"நேத்து நான் கேட்ட கேள்வி எல்லாம் அவர் எழுதினது சார்."

"அப்போ நேத்தே ஏன் சொல்லலை?" என்றார். பிறகு அவரே காலண்டரைப் பார்த்து, "நான் கருத்து அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கு. ஏதாவது ஒண்ணுல அவர் வாதாடட்டும், கேக்கறேன்" என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் அலைந்தேன். என் வழக்குகளில் எதிலும் அதற்குள் சாட்சி விசாரணை வரவில்லை. வக்கீல்கள் கூடும் பார் அறையில் ஒவ்வொருவரிடமாகப் போய், ஒரு சாட்சி, ஒரு வாதம், எதுவானாலும் கொடுங்கள் என்று கேட்டேன். என் வயதுக்காரரான ஒரு வக்கீல் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார்.

"ஏன் ஓய், உம்ம கேஸைக் குடுக்க உமக்கு மனசு வரலை. எங்க கேஸைக் கேக்கறீரே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

கடைசியில், கெடுவுக்கு முந்தின நாள் என் வழக்கொன்றில் ஒரு சின்ன மனு விசாரணைக்கு வந்தது. என் கட்சிக்காரர் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பான வழக்கைத் திரும்ப எடுக்கக் கோரும் மனு. எதிர்த்தரப்பில் என்னைக் கிண்டல் செய்த அதே வக்கீல்தான். அவர் அந்த மனுவைக் கடுமையாக எதிர்த்து எழுதியிருந்தார். அரைமணி நேரமாவது வாதாட வேண்டிவரும். ஜூனியர் சட்டப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகி எடுத்து வந்தார். நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் முன்னால் போய் நின்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜூனியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்கினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று எழுந்தார். பையனுக்கு ஒரு நல்லது செய்வோம் என்ற பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது. "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மனுவை அனுமதிக்கலாம்."

நீதிபதி ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஆட்சேபணை இல்லாத மனுவில் வாதம் கேட்க வழியில்லை. "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதினார். ஜூனியர் அப்படியே நின்றார். டவாலிச் சேவகன் அடுத்த கேஸ் எண்ணைக் கூப்பிட்டதும் ஒதுங்கினார்.

வராந்தாவில் அந்த வக்கீல் அவர் தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டியேப்பா! முதல் கேஸே வெற்றி!"

"ரொம்ப நன்றி சார்" என்றார் ஜூனியர்.

அந்த வக்கீல் போன பிறகு நான் ஜூனியர் பக்கத்தில் போனேன். மேல்கோர்ட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இன்று மாலையே ரயிலேறிப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாத பேச்சு அது.

அவர் புத்தகங்களைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, செருகியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்.

"வாணாம் சார். யார் கிட்டயும் போய் நிக்காதீங்க. தொழிற்பேட்டையில ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். ஆபீஸ் வேலை. ஊட்டுக்குப் பக்கம்."

"அவசரப்படாதே. நாளைக்கு ஒரு நாள் இருக்கே."

"நாளைக்கு இன்னா சார் இருக்குது?"

உள்ளேயிருந்து டவாலி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். என் அடுத்த கேஸ் வந்துவிட்டது. நான் நகரவில்லை. வாய்தா கேட்க இந்த முறை அவர் எழுந்து போகப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"கூப்பிடறாங்க சார், போங்க" என்றார்.

நான் கவுனைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.