ஆத்தா கேட்ட கேள்வி

மாரியம்மன் அடியார்களே, இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வந்தது அழுகைதான்.

என் பெயர் சரசு. மலேசியாவில், கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன், தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். சென்ற ஆடிக்கு முன் என் வீட்டுப் பின்னறைக்கு மியா வந்தாள். பர்மாவில் அவள் ஊரைக் கொளுத்தியபோது மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். வந்து சேர்ந்த பிறகு அந்தக் குழந்தையைத் தூக்கவே இல்லை. கைகளை மார்போடு இறுக்கியபடி உட்கார்ந்திருப்பாள். பேச்சும் இல்லை. குழந்தை கை நீட்டும், இவள் சுவரைப் பார்ப்பாள். பெற்ற வயிறு எனக்கும் உண்டு, தாங்க முடியவில்லை. தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். பதில் வராது. கையில் ஒரு குறையும் இல்லை என்றார் பக்கத்து ஊர் தானா ராத்தாவின் டாக்டர்.

ஆடி முழுக்க விரதம் இருந்தேன். பால்குடம் நேர்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி வெள்ளியன்று சந்நிதியிலேயே சண்டை பிடித்தேன். "நீயும் பொம்பளதானே? அந்தப் புள்ளைய அவ ஒருவாட்டி தூக்கட்டும். இல்லாட்டி பால்குடமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது லா!"

அடுத்த வாரமே கோலாலம்பூரிலிருந்து இந்திரா டீச்சர் வந்தார். அகதிப் பெண்களுக்கு நடன சிகிச்சையாம். உடம்பில் உறைந்த பயத்தை அசைவால் இளக்குவார்களாம். திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் ஐந்து பெண்கள் வந்தார்கள். இடம், எங்கள் கோயில் மண்டபம். நான் கேட்டது வைத்தியம், வந்தது டான்ஸ். அம்மன் என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் மியா தூணோடு தூணாக நின்றாள். நாலாம் வாரம் டீச்சர் மேளம் கேட்டார். கோயிலில் உறுமி அடிக்கும் முனியாண்டி அண்ணன் வந்தார். "மெதுவா, மூச்சு விடுற மாதிரி அடிங்க" என்றார் டீச்சர். அண்ணனும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால் பழகிய கை, கொஞ்ச நேரத்தில் திருவிழாவில் அருள் அழைக்கும் அடிக்குப் போய்விட்டது.

மியாவின் தோள் நடுங்கியது. பிறகு கைகள். "நல்லது, நடுங்க விடுங்க" என்றார் டீச்சர். வேலை முடிந்து வேடிக்கை பார்க்க வந்த எங்கள் பெண்களுக்கு அது எங்கே கேட்டது?

"ஆத்தா வந்துட்டா!" என்று எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா கத்தினாள். வேப்பிலை வந்தது. மஞ்சள் தண்ணீர் வந்தது, பாதி மியாவின் காலில், பாதி டீச்சரின் சட்டையில். "ஐயோ, இது சிகிச்சைங்க!" என்று டீச்சர் கையை ஆட்டிக் குதித்தார்.

"டீச்சருக்கும் இறங்கிடுச்சு லா!" என்றாள் ஒருத்தி.

பாக்கியம் அக்கா கைகூப்பினாள். "ஆத்தா, என்ன வேணும்? வாய தொறந்து சொல்லு தாயி!"

மியா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அவள் வாயிலிருந்து வந்தது.

"சாப்பிட்டியா?"

மண்டபமே தடாலென்று விழுந்து கும்பிட்டது. பாக்கியம் அக்கா தேம்பினாள். "என் மருமக ஒருநாள் கேட்டதில்ல, ஆத்தா கேட்டுட்டா!"

அதைப் பார்த்து மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைக் கண்ட குழந்தை கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்து கைகளை நீட்டியது. மியா குனிந்தாள். தூக்கினாள். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில நாள் இன்னும் சுவரைப் பார்க்கிறாள். ஆனால் குழந்தை இப்போது அவள் இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. டீச்சர் இதற்கு வேறு காரணம் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. அவரை இந்த மலைக்கு அனுப்பியது யார் என்று மட்டும் கேட்டேன்.

பால்குடம் எடுத்துவிட்டேன். சந்நிதியில் வாய் நீண்டதற்கு அபராதமாக நானும் அந்த வகுப்பில் ஆடுகிறேன். மனதில் பாரம் உள்ளவர்கள் தாயிடம் சொல்லுங்கள், சண்டை போட்டாவது சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மண்டபத்துக்கும் வாருங்கள். ஆடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாது.