எழவு வீட்டில் கிண்டிய அல்வா

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசுவதற்குள் கை கால் பேசிவிடும். சின்ன வயதிலிருந்தே இந்தச் சனியன் என்னோடு இருக்கிறது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒருத்தன் மட்டும்தான் இதைப் பொறுத்துக்கொண்டான். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நாலே வீடு. பள்ளிக்கூடம் முடித்ததும் நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் இரும்பு வார்க்கப் போனேன். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாகப் போனான். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு.

தொண்ணூறுகளின் கடைசியில், அவன் கடலில் இருந்தபோது அவன் அப்பா செத்துப்போனார். ஏஜெண்ட் மூலம் சேதி போனது, ஆனால் கப்பல் கரை சேர இன்னும் பன்னிரண்டு நாள். அவன் ஒரே பிள்ளை. அவனுக்குப் பதிலாக நான்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தேன். அவன் சித்தப்பா முறைத்தார். "இவனும் என் புள்ளதான். நீ வையி நைனா" என்று அவன் அம்மா சொன்ன பிறகுதான் அடங்கினார்.

ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதம் கழித்து வந்தவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் சமையலறைக்குப் போனான். பொட்டலத்தில் ஏதோ பைன் மரத்துக் கொட்டை, வெள்ளையாக, நெல்லை விடக் கொஞ்சம் பெரிதாக. அவனுடைய கப்பல் சமையல்காரர் துருக்கிக்காரர். அவர் குடும்பத்தில் தலைமுறையாகச் செய்கிற ரவை அல்வா என்றான். நெய்யில் பச்சை ரவையையும் கொட்டையையும் ஒன்றாகப் போட்டு, சின்னத் தீயில் கை நிறுத்தாமல் கிண்டினான். ஐந்து நிமிடத்தில் முடிகிற கேசரி இல்லை இது. அரைமணி நேரம் ஆனது. ரவை நன்றாகச் சிவந்த பிறகு சர்க்கரையும் சூடான பாலும் ஊற்றி, மூடியில் ஒரு துணியைச் சுற்றி மூடி வைத்தான்.

"இன்னாடா இது, கேசரி வெயில்ல கறுத்துப்போயி கீது?" என்றாள் என் அம்மா. சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

கிண்டும்போது கரண்டியை எங்களிடமும் கொடுத்தான். "ஆளுக்கு ஒரு சுத்து கிண்டுங்க. கப்பல்ல அப்டித்தான்." அம்மா கிண்டினாள், நான் கிண்டினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் எங்கள் வீட்டில் அந்த அல்வா உண்டு. பைன் கொட்டை இல்லாவிட்டால் முந்திரியை உடைத்துப் போடுவான். எதற்காகச் செய்வது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. துருக்கித் தின்பண்டம், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து என் அம்மா போய்விட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், மத்தியானம் ஆள் இல்லை. அவன் லீவில் இருந்தான். பாடையில் ஒரு பக்கம் அவன் தோள். எல்லாம் முடித்து, குளித்துவிட்டு, சாயங்காலம் சாமியானாவுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து நெய் வாசனை வந்தது.

சாவு நடந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். சோறு சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வரும். தாளிக்கிற வாசனை கூட வரக்கூடாது. வந்தால் தெரு முழுக்கச் சிரிக்கும். பெரியம்மா என் காதருகே வந்து, "உன் தோஸ்துக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா? எயவு வூட்ல கேசரி கிண்டிகினு கீறான்" என்றாள்.

உள்ளே போனேன். ஸ்டவ்வுக்கு முன்னால் குந்தியிருந்தான். வேர்வையும் கண்ணீருமாக முகம் முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும் கரண்டியை நீட்டினான்.

"வா மாமு. அம்மாவ நெனச்சிகினு ஒரு சுத்து கிண்டு."

"எங்கம்மா செத்தது உனுக்குக் கொண்டாட்டமாடா?" என்று கேட்டுக்கொண்டே வாணலியை எட்டி உதைத்தேன்.

கொதிக்கிற நெய்யும் ரவையும் அவன் வலது பாதத்தில் கொட்டியது. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான். "எந்திரிச்சிப் போடா" என்றேன். காலை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். பெரியம்மா தரையைத் துடைத்தாள். அன்றைக்கு நான் செய்தது சரி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

ஐந்து வருடம் பேசவில்லை. அவன் லீவில் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் நான் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். வீம்பு. அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அவன் பெண்டாட்டி எனக்குப் பின்னால் நின்றாள். "அண்ணா, அவரு ஒரேயடியா வந்துட்டாரு. ஈரல் கெட்டுப்போச்சாம். டாக்டரு கைய விரிச்சிட்டாரு" என்றாள். நான் பையை மடித்துக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள். அவன் அப்பா செத்த சேதி கப்பலுக்கு வந்த அன்றைக்கு, துருக்கிக்காரர் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அந்த அல்வாவை அடுப்பில் ஏற்றினாராம். அவர்கள் ஊரில் ஒருத்தர் செத்தால் செய்வது அதுதானாம். செத்தவரை நினைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரும் ஒரு சுற்றுக் கிண்ட வேண்டும், அந்த வாசனை போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. கப்பலில் யாருக்கும் இவன் அப்பாவைத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொருத்தனும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டானாம். இவன் சொல்லச் சொல்ல அவர்கள் கிண்டினார்களாம்.

"அவரு அப்பாவுக்கு அவரு செஞ்ச காரியம் அது ஒண்ணுதாண்ணா. அத்தத்தான் உங்க அம்மாவுக்கும் செய்யப் பாத்தாரு. மின்னாடியே சொன்னா எயவுப் பண்டம்னு அம்மா சாப்புட மாட்டாங்கன்னு வாய மூடிகினு இருந்தாரு."

அரிசி வாங்காமலே அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தான். வயிறு உப்பி, கண்ணெல்லாம் மஞ்சள். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த வலது பாதம் வெந்து சுருங்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிடுடா என்று எத்தனை தடவை சொன்னேனோ.

"வுடு மாமு. கூச்சமா கீது, கால வுடு" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அல்வா கிண்டேன். இங்கியே, என் கண்ணு மின்னாடி" என்றான்.

அது என்ன அல்வா என்று இப்போதுதானே கேட்டுவிட்டு வருகிறேன். உயிரோடு இருக்கிறவன் முன்னால் உட்கார்ந்து அவனுக்கே எழவு அல்வா கிண்டுவதா?

"வாயக் கயுவுடா. உனுக்கு இன்னா வயசாச்சி? ஒயுங்கா எந்திரிச்சி உக்காரு, அப்பறம் பாக்கலாம்."

"டேய், நான் இன்னா சொல்றேன்னா..."

"அந்தப் பேச்சே வேணாம்!" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் ஷிப்ட் முடிந்து இளநீர் வாங்கிக்கொண்டு போவேன். பழைய கதையெல்லாம் பேசினோம். சாவுக்கு முந்தைய நாள் அவனுக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்து, கையை மட்டும் தூக்கிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினான். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாத மாதிரி தலையணையைச் சரிசெய்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவன் பெண்டாட்டி அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒரு கிலோ ரவை, பிரிக்காத நெய் டப்பா, முந்திரி.

"ஒரு வாட்டி கிண்டியிருக்கக் கூடாதாண்ணா? எல்லாம் வாங்கி வெச்சிருந்தேனே."

"உசுரோட கீற மனுசனுக்கு அத்த எப்டிம்மா கிண்டுவேன்?"

"அவருக்கா? அவருக்கு யாருண்ணா கேட்டாங்க? உங்க அம்மாவுக்கு. அன்னிக்கிப் பாதியில நின்னுபோச்சே, நான் போறதுக்குள்ள அவன் அம்மாவுக்கு அவன் கையாலயே கிண்டி முடிச்சிடணும்னு பொலம்பிகினே இருந்தாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லத்தான் வந்தான். நான் விடவில்லை. எழவு வீட்டிலும் விடவில்லை, அவன் கட்டில் ஓரத்திலும் விடவில்லை. அரைமணி நேர வேலை அது.