சுவருக்குள் நின்றவள்

அரண்மனையில் அவளை எல்லோரும் சுவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் அறையில் மறைவாள், வாளியோடு இன்னோர் அறையில் முளைப்பாள்.

அரண்மனை இப்போது காட்சியகம். பார்வையாளர் நேரத்தில் துப்புரவு ஆட்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. அதற்குத் தோதாகக் கட்டடத்திலேயே வழி இருந்தது. பெரிய அறைகளின் சுவர்களுக்கு நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அகலத்தில் ஒரு நடை. அழுக்குத் துணியும் கழிவு வாளியும் எஜமானர்கள் கண்ணில் படாமல் போக, வேலைக்காரிகளுக்கென்று கட்டியது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. சில இடங்களில் தோள் உரசியே சுவர் வழவழத்துப் போயிருந்தது.

பார்வையாளர்களுக்கு வேறு கதை. ராஜாவின் படுக்கையறையில், மரப்பலகை ஒன்றின் பின்னால் அந்த நடையின் கதவு இருந்தது.

"எதிரி வாசல் வரைக்கும் வந்தப்போ ராஜா இந்த ரகசிய வழியாத்தான் தப்பிச்சாரு" என்பார் வழிகாட்டி. எந்த எதிரி என்று யாராவது கேட்டால் அடுத்த அறைக்கு நடந்துவிடுவார்.

திறப்பதற்கு முன் கைத்தடியால் பலகையை ஓங்கித் தட்டுவார். கூட்டம் அதை நாடகம் என்று நினைக்கும். உள்ளே இருப்பவர்கள் நடையின் வளைவுக்கு அப்பால் போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். சுவரக்கா ஒரு தடவையும் தவறியதில்லை.

வேலையில் அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. மகள் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

"உங்கம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா என்னடி சொல்லுவே?" என்று ஒரு நாள் மகளைக் கேட்டாள்.

"கேட்டாங்க. அரண்மனையில வேலைன்னு சொன்னேன்."

"என்ன வேலைன்னு கேக்கலையா?"

"ஆபீஸ்லன்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் மறுத்துச் சொல்லல."

அவள் அதற்கு மேல் கிளறவில்லை. அன்றிலிருந்து சீருடையைக் கொடியில் போடாமல் வீட்டுக்குள்ளேயே காயவைத்தாள்.

ஒரு நாள் முற்பகல், படுக்கையறைச் சுவருக்குள் தரை துடைக்கும் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தபோது வெளியே மகளின் சிரிப்புக் கேட்டது. வரப்போவதாக மகள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"ஏய், உங்கம்மா இங்கதானே இருக்காங்க? கூப்பிடு, பாத்துட்டுப் போலாம்." மகளோடு ஆபீசிலிருந்து வந்த ஒரு பெண்ணின் குரல்.

"அவங்க சீட்டுல இருக்க மாட்டாங்கப்பா. மீட்டிங்."

"அரண்மனையில மீட்டிங்கா? யாரோட, ராஜாவோடயா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லப்பா, உண்மையில எங்கம்மா…"

சுவரக்கா பலகையில் காதை ஒட்டவைத்தாள். அதே பலகையில் கைத்தடி விழுந்தது. காதுக்குள் இடி இறங்கியது போலிருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. மகள் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டாள்.

கதவு திறந்தது.

ஒரு பெண் வீலென்று கத்தினாள். கழுத்தைச் சாய்த்தபடி, கையில் வாளியோடு, சுவரக்கா வெளிச்சத்தில் நின்றாள். கூட்டத்தின் நடுவே மகளின் முகம் வெளுத்திருந்தது.

வழிகாட்டி கெட்டிக்காரர். "பயப்படாதீங்க! அந்தக் காலத்துல வேலைக்காரிங்க இப்படித்தான் ராஜா பேசறதை ஒட்டுக் கேப்பாங்க. உங்களுக்காக நடிச்சுக் காட்டறோம்!"

கைதட்டல் எழுந்தது. மகள் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லிவிடப் போகிறாளோ என்று பதறி, சுவரக்கா சட்டென்று உதட்டில் விரலை வைத்துக் குனிந்து வணங்கினாள். கைதட்டல் இன்னும் பலமானது.

"சூப்பர் நடிப்பு! இவங்களோட ஒரு போட்டோ எடுக்கலாம்" என்றாள் கத்தியவள். போனை மகளிடமே நீட்டினாள். "நீ எடு, உனக்குத்தான் கை ஆடாது."

எல்லோரும் சுவரக்காவைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். வாளித் தண்ணீர் தன் செருப்பில் பட்டுவிடாமல் ஒருவன் தள்ளி நின்றுகொண்டான்.

"கொஞ்சம் நிமிருங்க" என்றாள் மகள்.

அவள் நிமிர்ந்தாள்.

கூட்டம் போன பிறகு வழிகாட்டி எட்டிப் பார்த்தார். "அக்கா, தினமும் இதையே வச்சுக்கலாமா? மேலிடத்துல சொல்லட்டுமா?"

"போய்யா, உன் வேலையைப் பாரு" என்று கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். பெற்ற பெண் பேசுவதைத் திருடி போல ஒட்டுக் கேட்டு நின்றதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மாலையில் மகள் நேரத்தோடு வந்துவிட்டாள். கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏம்மா அப்படி வாயை மூடச் சொன்னே? நான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"இல்ல, உனக்குத் தெரியாது. எனக்கே தெரியல." மகள் கைப்பையின் வாரைத் திருகினாள். "பஸ்ஸுல வர்றப்போ சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவ அந்தப் போட்டோவை எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருந்தா. அந்த வாளியைப் பாரு, அசல் வேலைக்காரி மாதிரியே இருக்காங்கன்னு சொன்னா."

"சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

அடுப்பில் கொதித்ததை இறக்கிவைக்கும் சாக்கில் சுவரக்கா திரும்பிக்கொண்டாள். மகளின் வாயிலிருந்து 'இல்ல' என்ற அந்த ஒரு வார்த்தை வந்ததும் நெஞ்சுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. அப்படி இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.