பேட்டர்ன் அட்டையும் மாற்கு சுவிசேஷமும்: திருப்பூரில் இரண்டு நாள்

போன ஜனவரியில் திருப்பூரில் நான் மண்ணைக் கவ்விய கதையை இந்த வலைப்பூவில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது தாராளமாக எழுதலாம். சென்ற வாரம் அதே ஊருக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது, அதன் முதல் எழுத்துகள் எப்படி நம் கைவரை வந்து சேர்ந்தன என்று விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் பைத்தியம். திருப்பூரில் எஸ்தர் என்ற பெண், ஒரு சர்ச்சின் பின்பக்க ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு வரலாற்று வட்டம் நடத்துகிறாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில், தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். அவள் அழைத்துத்தான் ஜனவரியில் போனேன். ஒரு மணி நேரம் பாப்பிரஸ், கிரேக்கம், தோல் சுவடி என்று பொழிந்து தள்ளினேன். முடிவில், நெற்றி நிறையத் திருநீறோடு இரண்டாம் வரிசையில் இருந்தவர் எழுந்தார். பெயர் பழனிசாமி. எஸ்தரின் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர், முருக பக்தர், கதை கேட்கும் ஆசையில் வந்தவர்.

"எல்லாம் நல்லா இருந்துச்சுங்க அம்மிணி. ஆனா மொதல்ல எழுதுனது ஒண்ணுகூட இப்ப இல்லீன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. அப்பறம் கையில இருக்கறது சரின்னு எப்படீங்க சொல்றது?"

பணிவாகத்தான் கேட்டார். நான் புத்தகங்களில் படித்த கலைச்சொற்களை அள்ளி வீசினேன். எனக்கே புரியாத மாதிரிப் பேசினேன். பத்து நிமிடத்தில் பாதி ஹால் காலி. சர்ச் கமிட்டிச் செயலாளர் எஸ்தரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அடுத்த முறையும் கூட்டம் பாதியில் எழுந்து போனால், ஹால் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விடும். எஸ்தர் எனக்கே இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள். அவளுக்கு என்ன தைரியமோ. எனக்கு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை.

சனிக்கிழமை காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ். டிக்கெட் 160 ரூபாய், தூரம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. ஒட்டன்சத்திரத்தில் பதினைந்து நிமிடம் நிற்பார்கள், டீ சுமார்தான். 11.25க்குக் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்ட். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பக்கத்து மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம், நெய் விட்டு, 70 ரூபாய். பயத்திலும் அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

எஸ்தரிடம் ஜெராக்ஸ் எடுக்கத் தாள்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் கம்பெனி அவிநாசி ரோட்டில், அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு சந்துக்குள். ஆட்டோ 150 கேட்டார், 120க்கு வந்தார். "கம்பெனிக்கு வேலை கேட்டுப் போறீங்களாங்க?" என்றார். பேசப் போகிறேன் என்றேன். "பேசறதுக்கு ஆரு சம்பளம் தர்றாங்க?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். யாரும் தருவதில்லை என்றேன். அவர் ஹாரனை அடித்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினார்.

எஸ்தர் வாசலுக்கே வந்தாள். "வாங்கக்கா, நல்ல நேரத்துக்கு வந்திய. உள்ள ஒரே களேபரம்" என்று கட்டிங் பகுதிக்குக் கூட்டிப் போனாள். சின்ன யூனிட், கம்ப்யூட்டர் பேட்டர்ன் எல்லாம் கிடையாது. கனத்த அட்டையை வெட்டி வைத்து, அதைத் துணிமேல் போட்டு வரைந்துதான் வெட்டுகிறார்கள். பல வருடம் முன்பு நன்றாக ஓடிய ஒரு பனியன் மாடலை உள்ளூர்க் கடைக்காரர் திரும்பக் கேட்டிருக்கிறார். அன்றைய முதல் அட்டை எப்போதோ மழையில் ஊறிப் போய்விட்டது. நான்கு மேஜைகளில் நான்கு அட்டைகள் கிடைத்தன. நான்கும் நான்கு அளவு.

பழனிசாமி நான்கையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இப்படி ஆகுது?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"நம்மாளுங்க பண்ற தப்புதானுங்க. அட்டை நைஞ்சு போச்சுன்னா அதையே வெச்சுச் சுத்திக் கோடு போட்டுப் புது அட்டை வெட்டுவாங்க. கோடு அட்டைக்கு வெளியத்தான விழும்? அந்தக் கோட்டு மேலயே வெட்டுனா ஒரு நூல் அளவு பெருசு. அதுலருந்து இன்னொண்ணு எடுத்தா இன்னொரு நூல். இப்படியே பெருத்துக்கிட்டே போகுமுங்க."

பிறகு இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கை வளைவில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. "இது ரெண்டும் ஒரே அட்டையப் பாத்து எடுத்ததுங்க. அந்த அட்டையில அந்த எடம் நசுங்கிப் பிதுங்கியிருந்திருக்கும். அதனால இவிக ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாலும் ஒரு சாட்சிதான். இந்த மத்த ரெண்டுலயும் புடைப்பு இல்லீங்க. அதுலயும் இது எல்லாத்தையும் விடச் சிறுசு. மொத அட்டைக்குப் பக்கத்துல நிக்கறது இதுதான்."

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பழைய சுவடிகளை ஒப்பிடுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது இதேதான். ஒரே பிழையைச் சுமக்கும் பிரதிகள் ஒரே தாய்க்குப் பிறந்தவை; அவற்றை எண்ணக்கூடாது, எடை போட வேண்டும். ஜனவரியில் என்னிடம் கேள்வி கேட்ட மனிதர், பதிலை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். அவருக்கே அது தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "மாஸ்டர், நாளைக்கு இந்த நாலு அட்டையையும் ஹாலுக்குக் கொண்டுவர முடியுமா?" என்றேன். அவர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

அன்று மாலை லாட்ஜில் (பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே, 900 ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும்) என் பழைய குறிப்புகளை எல்லாம் கிழித்துப் போட்டேன்.

ஞாயிறு மாலை 4 மணி. நாற்பத்திரண்டு பேர். பெரும்பாலும் டெய்லர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் ஆட்கள். செயலாளர் கடைசி வரிசையில், கைக்கடிகாரத்தைப் பார்க்க வசதியாக உட்கார்ந்திருந்தார். நான் சுருக்கமாகத் தொடங்கினேன். சுவிசேஷங்களுக்கு முன்பே கடிதங்கள் வந்துவிட்டன. அன்று சர்ச் என்று தனிக் கட்டடம் கிடையாது, வீடுகளில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் கடிதங்களில் பலவற்றை எழுதிய பவுலின் பிழைப்பு கூடாரம் செய்வது. "அப்ப நம்ம லைன்தாமுங்க" என்று ஒரு டெய்லர் சொல்ல, ஹால் சிரித்தது.

பிறகு பழனிசாமியை மேடைக்கு அழைத்தேன். நேற்றுச் சொன்னதை அப்படியே சொன்னார். அவர் அட்டைகளை அடுக்க அடுக்க, கூட்டம் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தது. அடுத்து, மாற்கு சுவிசேஷத்தின் முடிவு பற்றி எஸ்தர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த தாள்களைக் கொடுத்தேன். நான்கு சுவிசேஷங்களில் இதுதான் முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய பிரதிகளில், கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, யாரிடமும் சொல்லாமல் இருந்ததோடு அது நின்றுவிடுகிறது. பிந்தைய பிரதிகள் மிகப் பலவற்றில் இன்னும் பன்னிரண்டு வசனங்கள் உண்டு. ஒரு பழைய லத்தீன் பிரதியில் வேறொரு குட்டி முடிவு மட்டும் இருக்கிறது, சிலவற்றில் இரண்டுமே இருக்கின்றன. எது மூலத்துக்குப் பக்கம்? நான் சொல்லவில்லை. இருபது நிமிடம் தருகிறேன், நீங்களே செக் பண்ணுங்கள் என்றேன்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு செக்கிங் பெண் கை தூக்கினாள். "சேத்து எழுதறதுக்கு ஆள் இருக்கும் மேடம். நல்லா முடிஞ்ச கதைய வெட்டிப்புட்டு, பயத்துல கொண்டுபோய் நிறுத்த யாருக்கு மனசு வரும்? சின்னதுதான் முந்தினது." அறிஞர்கள் பலர் இதையே பல பக்கங்களில் வாதாடியிருக்கிறார்கள். உடனே டெய்லர் குறுக்கே வந்தார்: "கத்திரி கோட்டுக்கு உள்ள போனா சிறுசாவும் ஆகுமேங்க? ஒருத்தன் தூக்கத்துல ஒரு வரிய விட்டிருந்தா?" அதுவும் நடக்கும், கடைசித் தாளே கிழிந்து போயிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டேன். வரிசைக்கு வரிசை விவாதம் பற்றிக்கொண்டது.

அப்போதுதான் செயலாளர் எழுந்தார். "அப்படின்னா அந்தப் பன்னெண்டு வசனமும் பொய்யாம்மா?" குரலில் கோபம் இல்லை, வலி இருந்தது. எனக்கு முன்னால் பழனிசாமி பதில் சொன்னார்.

"பொய்யின்னு ஆருங்க சொன்னாங்க? பெருசான அட்டையில தச்ச பனியனையும் சனம் போட்டுத்தானுங்க நடந்துச்சு. எது எப்ப வந்துச்சுன்னுதான் பாக்கறோம். அத்தன பேரு அத்தன எடத்துல கைப்பட எழுதி வெச்சதாலதான, எங்க மாறுச்சுன்னு இன்னிக்கு நம்மால கண்டுபுடிக்க முடியுது? ஒரே ஒரு அட்டை இருந்திருந்தா, தப்பிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுங்க."

செயலாளர் முன்வரிசைக்கு வந்து, ஒரு செக்கிங் பெண்ணிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தரைக்கு முடிய வேண்டிய கூட்டம் ஆறு நாற்பதுக்கு முடிந்தது. நாற்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். நான் எண்ணினேன், இரண்டு முறை.

போக நினைப்பவர்களுக்கு: மதுரையிலிருந்து காலை பஸ்ஸே நல்லது. சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். மாலை ஐந்துக்குமேல் கடைவீதிப் பக்கம் போனால் நகர முடியாது. ஞாயிறு கம்பெனிகள் விடுமுறை, பேச்சுக் கொடுக்க ஆட்கள் கிடைப்பார்கள். அட்டை வெட்டும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்னாலேயே அனுமதி கேளுங்கள், கழிவுத்துணித் தூசிக்கு முகக்கவசம் எடுத்துப் போங்கள். என்னைப் போலப் பேசப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு நாள் முன்னதாகப் போய், கேட்க வருகிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பாதி அங்கே இருக்கும்.

திங்கள் காலை திரும்பும் பஸ் தாராபுரத்தில் நின்றபோது எஸ்தர் போன் செய்தாள். "எக்கா, ஹால் வருசம் பூராவும் நமக்குத்தான்னு செயலாளர் சொல்லிட்டாவ. அடுத்த மாசம் பவுலோட கடிதங்கள். பேசப்போறது பழனிசாமி மாஸ்டரும் அந்தச் செக்கிங் பொண்ணும். நீங்க பேச வேண்டாம்க்கா. வந்து கேட்டாப் போதும்."

இதைவிட நல்ல செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.