டானிக் நனைத்த ரவிக்கை

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஒருநாள் அதனால் என் மனைவியின் உயிரே போயிருக்கும்.

வடமதுரைப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டம். மொட்டு நிறையப் பிடிக்க ஒன்று தெளிப்போம். பூச்சிமருந்துக் கடையில்தான் வாங்குவது. ஆனாலும் எங்கள் ஆட்கள் யாரும் அதை மருந்து என்று சொல்வதில்லை, டானிக். ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தாற்போல வாசமடிக்கும்.

அன்று காலை கூடையில் வைத்து அவள் தலையில் கொண்டுவந்த பாட்டில், மூடி கழன்று முதுகெல்லாம் ஊற்றிவிட்டது. "குளிச்சிட்டு வாரேன்" என்றாள்.

"செத்த நேரம் பொறு. மிச்சத்தைக் கலந்து நாலு டேங்க் அடிச்சிட்டுக் குளி. டானிக்குதான, விஷமா?" என்று எரிந்து விழுந்தேன். பாவிமகள், நான் சொன்னதைக் கேட்டாள்.

மதியம் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தன. கார் பிடித்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி எண்பத்தைந்தை விட்டு நகரவே இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏதாவது குடிச்சாங்களா?" என்றார்.

"நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்லைங்க" என்று முறைத்தேன். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்: விஷம், புருஷன் கொடுமை, போலீஸ்.

அவர் விடவில்லை. ரத்தம் எடுத்துப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டார். டிகாக்‌ஷன் நிறம். காற்றுப் பட்டும் சிவக்கவில்லை.

"ரத்தத்துல ஏதோ கலந்து கெடுத்திருக்கு. அது ஆக்சிஜனைச் சுமக்க மாட்டேங்குது, எவ்வளவு குடுத்தாலும் வீண். காரணம் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். தோட்டத்துல என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணும் அடிக்கலைங்க."

கட்டிலிலிருந்து பாலிஷ் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நனைந்த உடம்போடு வேலை வாங்கியது வெளியே வந்துவிடுமே என்ற பயம்.

அவள்தான் மாஸ்க்கை விலக்கினாள். "டானிக்கு, டாக்டரம்மா. நாந்தான் கவனமில்லாம மேல ஊத்திக்கிட்டேன். குளிக்கச் சோம்பல்பட்டு அப்படியே இருந்துட்டேன்."

ரவிக்கையை வெட்டியெடுத்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, நீலமாக ஒரு ஊசிமருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது.

"குளிக்கக்கூடவா சோம்பல்? உசிரு போயிருக்கும்" என்று நர்சு அவளைத் திட்டினார். வெட்கங்கெட்டு நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

ஊரில் கேட்பவர்களிடம் அவள் இன்றும் அந்தச் சோம்பல் கதையைத்தான் சொல்கிறாள். நான் இதுவரை ஒரு தடவைகூட, "இல்லை, நான்தான் குளிக்க விடலை" என்று சொன்னதில்லை.