வதனி காத்திருந்த கேணி

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பிறகு, குருநகரில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கெல்லாம் வேறு உத்தியோகம் கிடைத்தது. செபஸ்தியம்மா வீட்டுப் பெட்டி அந்தோனியார் சுரூபத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. ஆனாலும் அந்த ஒழுங்கைத் தெருவின் பெண்கள் பழக்கம் விடாமல் பின்னேரங்களில் வந்து அதன் முன்னால் பாயில் குந்துவார்கள். பார்க்க ஒன்றுமில்லை, அதனால் முன்பு பார்த்ததைப் பற்றிக் கதைப்பார்கள். கதை எங்கே தொடங்கினாலும், எண்பத்தைந்தில் எல்லாரும் வான் வண்டி பிடித்துக் கீரிமலைக்குப் போன பயணத்தில் வந்து நிற்கும். தொண்ணூறுக்குப் பிறகு கீரிமலைப் பக்கம் எவரும் போக முடியாது, ஆமிக்காரர் பிடித்து வைத்திருந்தார்கள். போகமுடியாத இடத்தைப் பற்றிக் கதைக்கிறதென்றால் எல்லாருக்கும் வாய் கொஞ்சம் நீளும்தானே.

செபஸ்தியம்மா தன்னுடைய நண்டுக்கறி பட்ட பாட்டைச் சொல்லுவாள். இராசாத்தி அதற்குக் கையும் காலும் வைப்பாள். பெர்னடெட் மட்டும் மடியில் கிடக்கும் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பயணத்தில் அவளுக்கு நடந்ததை அவர்கள் யாரும் முழுதாக அறியமாட்டார்கள்.

பெர்னடெட் தையல்காரி. முதல்நன்மை வாங்கப்போகும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை என்றால் குருநகரில் அவளிடம்தான் வருவார்கள். கலியாண உடுப்பும் தைப்பாள். அவள் தைத்ததை உடுத்துக்கொண்டு எத்தனையோ பெட்டைகள் கோயில் படியேறிவிட்டார்கள். அவள் ஏறவில்லை. அவளையும் கேட்டு வந்தார்கள், அதிலும் நல்ல இடங்கள். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அப்பா வரட்டும்."

அவளுடைய தகப்பன் சந்தியோகு, எழுபத்தாறாம் ஆண்டு மாரியில் இன்னும் இரண்டு பேரோடு கடலுக்குப் போனவர். கூடப் போன இருவரையும் கடல் திருப்பித் தந்தது, பிணமாக. சந்தியோகுவைத் தரவில்லை. அப்போது பெர்னடெட்டுக்குப் பதினெட்டு வயது. படுத்த பாயில் கிடந்தாள், எழும்பவில்லை. கொஞ்ச நாளில், நாகப்பட்டினத்தில் அவரைப் போல ஓர் ஆளைக் கண்டார்களாம் என்று ஒரு கதை வந்தது. அம்மா சொல்லித்தான் அவள் அதைக் கேட்டாள். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு எழும்பினவள்தான், பிறகு விடவில்லை. தாய் அருமைநாயகியும் வெள்ளை உடுக்கவில்லை. பூப்போட்ட சேலையோடு சந்தைக்குப் போய்வந்தாள். அதைப் பற்றி ஊர் வாய்க்கு வந்தபடி கதைத்தது. நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளில், ஊரே சவக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். செத்தவருக்குத்தானே திரி கொளுத்துவது.

அப்படியிருக்க, எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் கொழும்பு நிலையத்தில் ஒரு தமிழ் நாடகம் தொடங்கியது, கிழமைக்கு ஒருநாள். ஒழுங்கைக்கே ஒரு பெட்டிதான், செபஸ்தியம்மாவின் புருசன் சவூதியில் இருந்து கொண்டுவந்தது. நாடகத்தில் வதனி என்று ஒரு பெட்டை. தகப்பன் கப்பலேறிப் போய்விடுகிறார், தகவல் இல்லை. வதனி கீரிமலைக் கேணியின் கடற்பக்கத்துக் கட்டுச்சுவரில் வந்து உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கறுப்பு வெள்ளைப் படம்தான். அந்தக் கட்டின் மேல் அவள் உட்காரும்போது செபஸ்தியம்மா வீட்டு விறாந்தையில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்கும், பிறகு இன்னொன்று. பெர்னடெட் சத்தமில்லாமல் அழுவாள். அவளோடு வந்திருக்கும் அருமைநாயகி திரையைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

நாடகம் முடியவில்லை. ஆடிக் கலவரம் வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருக்கும்போது தமிழ் நாடகத்தை யார் போடப்போகிறார்கள்? வதனியாக நடித்தவளே அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாளாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மெய்யோ பொய்யோ தெரியாது. தகப்பன் வந்தாரா இல்லையா என்பது மட்டும் எவருக்கும் தெரியாமல் போயிற்று. அந்தக் குறை பெர்னடெட்டைப் போட்டு அரித்தது. அந்தக் கட்டின் மேல் ஒருதரம் போய் உட்கார்ந்து பார்த்தால் ஏதோ தெரியவரும் என்று அவளுக்குள் ஓர் எண்ணம். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் எண்ணமா இது என்று கேட்டால், ஆம், இதேதான்.

எண்பத்தைந்து ஆடியில் சண்டை நின்றிருந்தது. பேச்சுவார்த்தை என்றார்கள். கடல் திறந்தது, ரோட்டும் திறந்தது. "வதனியின்ரை கேணியைப் பாத்திட்டு வருவம்" என்று செபஸ்தியம்மா கிளம்பிவிட்டாள். அவளுடைய தம்பி கனிசியஸிடம் வான் இருந்தது. நாள் பார்க்க வேண்டும். குருநகரில் நாள் பார்ப்பதென்றால் நிலவைப் பார்ப்பதுதான். நல்ல இருட்டில் மீன் படும், ஆண்கள் தீவுப் பக்கம் வாடிக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள், வீட்டில் சோறு கேட்க ஆளில்லை. ஆகவே அமாவாசையன்று போவது என்று முடிவாயிற்று. கடற்கரைக் கணக்கில் அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த அமாவாசை ஆடி அமாவாசை என்பதும், தகப்பன் இல்லாத சைவப் பிள்ளைகள் எல்லாம் அன்றைக்குக் கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடித் தகப்பனை நினைத்துப் பிதிர்க்கடன் செய்வார்கள் என்பதும் அந்த வானில் இருந்த ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

தெல்லிப்பழை தாண்டியதும் ரோட்டில் சனம் கூடியது. "உதென்ன, எல்லாரும் நாடகம் பாத்தவையோ?" என்று இராசாத்தி கேட்டாள். கீரிமலையில் வானை நிறுத்த இடமில்லை. ஈர வேட்டியோடு ஆண்கள், தர்ப்பை விற்கிறவர்கள், எள்ளும் பூவும், எங்கே பார்த்தாலும் ஐயர்மார். கேணிக்குள் தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அதைவிடப் பெரிய ஏமாற்றம், வதனி உட்கார்ந்த கேணி ஆண்களின் கேணி. பெண்களுக்கு வேறாக மதில் கட்டி ஒரு கேணி இருந்தது. வதனியின் கட்டின் மேல் தொந்தி வைத்த ஒரு மனிதர் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ரீவியிலை பாக்கேக்கை எவ்வளவு பெரிசாக் கிடந்தது. எங்கடை கிணத்துக்கட்டு இதைவிடத் திறம்" என்றாள் செபஸ்தியம்மா.

சலிப்பு வந்தால் அவளுக்குப் பசி வரும். பெண்களின் கேணிப் பக்கம் ஒரு நிழல் பிடித்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். புட்டும் நண்டுக்கறியும் பொரித்த மீனும். காற்று கடலில் இருந்து வீசியது. விரதமிருந்து தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்க வந்த அத்தனை சனமும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழும்பி வந்தாள். நாற்பது வயதிருக்கும், தோட்டத்து வெயிலில் காய்ந்த முகம். கோபப்படவில்லை.

"தங்கச்சியவை, இண்டைக்கு இஞ்சை மச்சம் கூடாது. மூடி வையுங்கோ. தேப்பன் இல்லாத ஆக்களின்ரை நாள் இது."

செபஸ்தியம்மா பட்டென்று மூடினாள். வாழ்க்கையில் அவள் பேச்சில்லாமல் நின்றது அந்த ஒருமுறைதான் என்று இராசாத்தி இன்றைக்கும் சொல்லுவாள். மற்றவர்கள் வெட்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வானுக்கு ஓடினார்கள். பெர்னடெட்டால் ஓட முடியவில்லை. தேப்பன் இல்லாத ஆக்களின் நாள் என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் பராசக்தி, தெல்லிப்பழையில் இருந்து வந்தவள். பெர்னடெட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"உமக்கும் ஐயா இல்லையோ?"

இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் வரவில்லை. "கடலுக்குப் போனவர் அக்கா" என்றாள்.

"எப்ப?"

"எழுபத்தாறிலை."

"வரேல்லையோ?"

"இன்னும் வரேல்லை."

பெர்னடெட்டின் கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைப் பராசக்தி பார்க்காமல் இல்லை.

"நாங்கள் வேதக்காரர்" என்று பெர்னடெட் மெல்லச் சொன்னாள்.

"அதுக்கென்ன. தேப்பன் எல்லாருக்கும் தேப்பன்தான். வாரும்."

கையைப் பிடித்துக்கொண்டு நகுலேஸ்வரக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மோட்ச அருச்சனைக்கு வரிசை வளைந்து நின்றது. பெர்னடெட்டுக்கு அங்கே நடப்பது ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தகப்பன்மாரின் பெயரைச் சொன்னார்கள். கந்தப்பு, ஏரம்பு, நமசிவாயம் என்று பெயர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. யாரும் தடுமாறவில்லை. தங்கள் தகப்பன் செத்துவிட்டார் என்பதை அவர்கள் அவ்வளவு இயல்பாகச் சொன்னது அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது.

பராசக்தி தன் தகப்பனின் பெயரைச் சொல்லி முடித்து விலகினாள். ஐயர் நிமிரவில்லை.

"தகப்பன்ரை பேர்?"

"சந்தியோகு."

ஐயர் நிமிர்ந்தார். "என்ன பேர்?"

"சந்தியோகு" என்றாள் மறுபடியும். இந்த முறை குரல் உடைந்தது.

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"கடலிலை போனவர் ஐயா" என்று பராசக்தி பின்னால் நின்று சொன்னாள்.

ஐயர் ஒருதரம் பெர்னடெட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வடமொழி மந்திரத்துக்கு நடுவில், குருநகர் வள்ளக்காரன் ஒருவனின் பெயரை நிறுத்தி, தெளிவாக, இரண்டு தரம் சொன்னார். பெர்னடெட் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வதனிக்கு அழுததெல்லாம் ஓர் அழுகையா என்று பட்டது அவளுக்கு. பராசக்தி அவளுடைய நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "வீட்டை போய்ச் சாப்பிடும் பிள்ளை" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

திரும்பி வரும்போது வானில் எல்லாரும் நண்டுக்கறியைச் சொல்லிச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். பெர்னடெட்டின் கண் சிவந்திருந்ததும் அந்தக் கணக்கில் போய்விட்டது. அம்மா இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்த மனிதரைத் தான் ஒரு சொல்லில் சாகடித்துவிட்டதாக அவள் நினைத்தாள். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது, சொன்னால் அவள் தாங்குவாளா என்பதே வழி முழுக்க அவளுடைய பயம். நெற்றித் திருநீற்றை அழிக்கவேண்டும் என்பதும் மறந்துபோயிற்று.

அருமைநாயகி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவுடன் அவள் கண் அங்கேதான் போனது.

"நெத்தியிலை என்ன?"

"திருநீறு." பெர்னடெட் தாய்க்கு முன்னால் மணலில் குந்தினாள். "அம்மா, இண்டைக்குத் தேப்பன் இல்லாத ஆக்களின்ரை நாளாம். எங்களுக்குத் தெரியாமப் போச்சு. ஐயர் பேர் கேட்டவர். நான் அப்பாவின்ரை பேரைச் சொல்லிப்போட்டன். வேணுமெண்டு சொல்லேல்லை அம்மா."

அருமைநாயகி கையில் இருந்த கருவாட்டைப் பாயில் வைத்தாள். தூசியைத் தட்டினாள். அவள் கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று பெர்னடெட் காத்திருந்தாள்.

"நாகப்பட்டினத்திலை ஒருத்தரும் ஒருத்தரையும் காணேல்லைப் பிள்ளை" என்றாள் தாய். "நான்தான் சொன்னனான்."

பெர்னடெட்டுக்கு விளங்கவில்லை.

"நீ பாயிலை கிடந்தாய். பச்சைத்தண்ணி இறங்கேல்லை உனக்கு. அவரும் போயிட்டார், நீயும் போனா நான் என்ன செய்யிறது. ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும் எண்டு சொன்னன். நீ எழும்பிக் குடிச்சாய். குடிச்ச பிறகு அதை எப்பிடித் திருப்பி வாங்கிறது? நாளைக்குச் சொல்லுவம், பொழுது பட்டாச் சொல்லுவம் எண்டு இருந்து இருந்து… நீ வந்த மாப்பிள்ளையளுக்கெல்லாம் அப்பா வரட்டும், அப்பா வரட்டும் எண்டு சொல்லேக்கை என்ரை நெஞ்சு வெடிக்கும். அந்த நாடகப் பெட்டையைப் பாத்து நீ அழேக்கை எழும்பிப் போய் அந்தப் பெட்டியை உடைப்பமோ எண்டு கிடந்தது."

பெர்னடெட்டுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வயதெல்லாம் அந்த ஒரு வாய்க் கஞ்சியில் போய்விட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தாய் உடுத்திருந்த பூச்சேலையைக் கண்டாள். தான் விதவை என்று தெரிந்துகொண்டே ஒன்பது வருடம் அதை உடுத்தி, சந்தையில் பேச்சு வாங்கி, புருசனுக்கு ஒரு திரி கூடக் கொளுத்தாமல் இருந்திருக்கிறாள் இந்த மனிசி. அழுதால் மகளுக்குத் தெரிந்துவிடும் என்று அழவும் இல்லை. வந்த கோபம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"அந்த ஐயர் அவரின்ரை பேரைச் சரியாச் சொன்னவரோ?" என்று அருமைநாயகி கேட்டாள்.

"ஓம் அம்மா. ரண்டு தரம் சொன்னவர்."

அருமைநாயகி தலையாட்டினாள். எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினாள். வீட்டுக்குள் போனாள். பிறகு வெளியே வந்தாள். வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். எப்போதோ வாங்கி உடுப்புப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தது, மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது.

"வா" என்றாள் மகளிடம். "பங்குச் சுவாமியிட்டைப் போய் அப்பாவின்ரை ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்திட்டு வருவம்."